சம்பளம் கேட்டுக் கேட்டே காணியை விட்டுவிட்டோமா? மலையகத்தவர் பேச வேண்டிய ஒரு விஷயம்

கொழுந்துக்காரன் (பொகவந்தலாவை)

2026 ஜனவரி முதல் இலங்கையில் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,550 ரூபா. வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் 200ஐயும் சேர்த்தால் 1,750. வந்தவரை நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500. 2018இல் ஆயிரம் கேட்டு எங்கள் பிள்ளைகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். 2019 ஜனவரியில் கையெழுத்தானது 700. ஆயிரம் கைக்கு வந்தது 2021இல். அடுத்த வருடமே டாலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறியது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. போராடி வாங்கிய ஆயிரத்தை மாவும் பருப்பும் விழுங்கிவிட்டன. பிறகு 1,700 என்றார்கள், கம்பனிகள் வழக்குக்குப் போயின, 2024இல் அது 1,350இல் வந்து நின்றது. இப்போது 1,750.

ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தொகை கூடத்தான் செய்கிறது. ஆனால் நாம் லயத்தில்தான், தோட்டம் கொடுத்த அந்த வரிசை அறைகளில்தான் இருக்கிறோம்.

1992இல் கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது அரசாங்கத்தின் காணி. குத்தகை முடிவது 2045இல். அந்தக் காணியைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு என்பது சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒரு தலைப்பே கிடையாது.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. இடம் மாறச் சொல்லி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எங்கே மாறுவது? நமக்கென்று எழுதிய ஒரு துண்டு நிலம் இருந்தால்தானே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. இப்போதும் அதே கேள்விதான்.

சம்பளப் போராட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னுக்கு நிற்க வேண்டியது காணி என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_தலைவர் (தலவாக்கலை)

தம்பி, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் காணி காணி என்று எழுதுவது சுகம், அடுப்பு எரிய வேண்டியது இன்றைக்கு.

நான் தோட்டத் தலைவராக இருந்தவன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் நின்று, தோட்டத்தை நடத்துகிற துரையோடு வாய்த்தர்க்கம் செய்தவன். சங்கம் என்றால் சந்தா வெட்டுகிற கூட்டம் என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். கொஞ்சம் வரலாறு பாருங்கள். 1984 வரைக்கும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அதைச் சமமாக்கியது வேலைநிறுத்தம். 1986 ஜனவரியில் பிரார்த்தனை இயக்கம் என்று தோட்டங்கள் வேலையை நிறுத்திக் கோயிலில் உட்கார்ந்தன. அது சம்பளத்துக்கு அல்ல, நாடற்றவர்களின் குடியுரிமைக்கு. அதே வருடமும் 1988இலும் சட்டம் வந்தது. கொழுந்து பறிக்காமல் நிறுத்தி வைக்கிற சக்தி நம் கையில் இருந்ததால்தான் கொழும்பு இறங்கி வந்தது. அந்தச் சக்தி சம்பளப் போராட்டத்தில்தான் பழகியது.

வேலை கைவிட்டுப் போனால் காணி கேட்கும் பலமும் போய்விடும். 1992இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று லட்சத்துக்கு மேல் தொழிலாளர் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசு.

---

கொழுந்துக்காரன்

ஐயா, 1986ஐப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது என் வாதத்துக்குத்தான் துணை. அன்றைக்கு வேலையை நிறுத்தியது ரூபாய்க்காக அல்ல, உரிமைக்காக.

இன்னொன்று. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டது சம்பளம், சங்கம் வைக்கும் உரிமை என்ற போராட்டத்தில். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தது எதற்கு? 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று எதிர்த்தபோது. ஆண்டுதோறும் அவருக்கு மாலை போடுகிறோம், அவர் எதற்காக நின்றார் என்பதை மேடையில் அரை நிமிடம் சொல்லிவிட்டுச் சம்பளத்துக்குத் தாவிவிடுகிறோம்.

---

மலைக்குருவி (மஸ்கெலியா, இப்போது கொழும்பு)

கொழுந்துக்காரன் அண்ணா, 1,750 என்று எழுதுகிறீர்கள். அந்த 1,750 யார் கைக்கு வருகிறது என்று கேட்கலாமா?

என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விழ வேண்டும் என்றால் தோட்டம் கேட்கிற கிலோவை எடுக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும், 16, 18, 20 என்று. சம்பளம் ஏறிய ஒவ்வொரு தடவையும் கிலோவும் பின்னாலேயே ஏறும். மழை இல்லாத மாதத்தில், கவ்வாத்து வெட்டாத கிழட்டு மலையில், 20 கிலோவுக்கு எங்கே போவது? குறைந்தால் அரைப்பேர். அதுவும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிலுவையில் கழித்த பிறகு. வாரத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தால்தான் 1,550 வைத்து 38,750 வரும். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, கோயில், கடன். 25 நாள் முழுப்பேர் என்பது கடிதாசியில் இருக்கிற ஆள்.

அப்புறம் காணிக்கு வருவோம். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்று கொடுத்த இடங்களில் உறுதி, காணிப் பத்திரம், யார் பெயரில்? நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஆண் பெயரில். உழைத்தது யார்? மலைக்குப் போனது யார்? கணவன் கொழும்புக்குப் போய்விட்டால், குடித்துவிட்டுக் காணியை விற்கப் பார்த்தால், வீட்டுக்காரி யார்? காணி முதலா சம்பளம் முதலா என்று ஆண்கள் வாதாடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

---

கணக்கப்பிள்ளை_ஓய்வு (பண்டாரவளை)

நான் தோட்ட நிர்வாகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். திட்டுவதாக இருந்தால் பரவாயில்லை, திட்டிவிட்டுப் படியுங்கள்.

நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறு தோட்டக்காரர்களிடம் இருந்து வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள். பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். அவர்கள் செடிக்கு உரம் போடுகிறார்கள், பட்ட செடியைப் பிடுங்கிப் புதிது நடுகிறார்கள், ஏனென்றால் காணி அவர்களுடையது. கம்பனிப் பக்கம் வாருங்கள். வருடத்துக்கு 2 வீதமாவது மறுநடுகை செய்ய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. செய்வதில்லை. ஏன் செய்ய வேண்டும்? புதுக் கன்று வருமானம் தர நாலைந்து வருடம் ஆகும், முதல் திரும்ப இன்னும் பல வருடம். குத்தகையில் மீதி இருப்பது 19 வருடம். இருக்கிற செடியைக் கறந்துவிட்டுப் போவதுதான் கம்பனிக்கு லாபம். மலைக்குருவி சொன்ன கிழட்டு மலை அப்படித்தான் உண்டாகிறது, அங்கே 20 கிலோ எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இதற்கு மேல் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. சில மாதங்களில் விலக்கினார்கள், ஆனால் செடி வாங்கிய அடி விழுந்துவிட்டது. 2021இல் கிட்டத்தட்ட 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. டாலர் இல்லாமல் நாடு கப்பலுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில், வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கொண்டுவரும் பயிரை நாமே வெட்டிக்கொண்டோம்.

அதனால் கொழுந்துக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லாத ஒரு காரணத்துக்காக. ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணி மட்டும் கொடுத்தால் அது லயத்தைக் கொஞ்சம் அகலமாக்கிய மாதிரி. வருமானம் தரும் தேயிலைக் காணி வேண்டும்.

---

யாழ்_வாசகன்

வெளியில் இருந்து ஒரு கேள்வி. பிழையாக எடுக்க வேண்டாம். வடக்கு கிழக்கோடு சேர்ந்து ஒரே தமிழ் அரசியலாகக் கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? 2009க்குப் பிறகும் தனித்தனியாகத்தானே நிற்கிறோம்.

---

பழைய_தலைவர்

தம்பி, 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 7 ஆசனம். வேறு பல தொகுதிகளில் எங்கள் ஓட்டு இடதுசாரிகளை ஜெயிக்க வைத்தது. அதற்குத் தண்டனையாகத்தான் 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் வாக்காளர் பட்டியலில் இருந்து வெட்டு. 1952இல் எங்களுக்கு ஒரு ஆசனமும் இல்லை. அந்த நேரத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் எந்த அமைச்சரவையில் இருந்தார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு எங்கள் குடியுரிமையும் ஒரு காரணம், அதை மறக்க மாட்டோம். ஆனால் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டபோது, இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இங்கே 3 லட்சம், மீதி பிறகு பார்ப்போம் என்று எழுதியபோது, எங்களிடமும் கேட்கவில்லை, எங்களுக்காக யாரும் தண்டவாளத்தில் படுக்கவும் இல்லை.

நாங்கள் சிங்கள ஊர்களுக்கு நடுவில் சிதறி வாழ்கிறவர்கள். வடக்கில் பேசுகிற பேச்சை இங்கே பேசினால் 1977, 1981, 1983 மாதிரி முதலில் எரிவது லயம்.

---

வன்னிக்காரன் (கிளிநொச்சி)

நான் சொல்ல வேண்டிய இடம் இது. என் அப்பா அம்மா 1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். அந்த நேரம் காந்தீயம் இயக்கம் வவுனியாவில் மலையக அகதிகளைக் குடியேற்றியது. டேவிட் ஐயாவும் டாக்டர் ராஜசுந்தரமும் நடத்திய வேலை. ராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். எங்களைப் போல நிறையப் பேர் கிளிநொச்சிக்கு வந்தார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் என்று பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

காணி கிடைத்ததா? கிடைத்தது. காட்டை வெட்டிக் குடியிருந்தோம். ஆனால் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் ஏற்கனவே குடியேறியவர்களின் வயலுக்குப் போகும். எங்கள் பக்கம் மேட்டு நிலம். உறுதிக்காகத் தலைமுறை மாறியும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய வயலில் நாங்கள் கூலிக்குப் போனோம். தோட்டத்தில் துரை, இங்கே கமக்காரன். எங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாழ்_வாசகன் அண்ணைக்குத் தெரிந்திருக்கும், எழுத விருப்பமில்லை.

போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்ததிலும் எங்கள் பங்கு குறைவில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் இங்கே ‘வந்தவர்கள்’தான். காணி கொடு என்று கேட்கும்போது தண்ணீரையும் உறுதியையும் அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். பிறகு வரும் என்று விட்டால் வராது. எங்களுக்கு வரவில்லை.

---

யாழ்_வாசகன்

தெரியும் தம்பி. எங்கள் வீடுகளிலேயே அந்தப் பேச்சு இருந்தது. இனி ஒற்றுமை பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் கிளிநொச்சி வாய்க்காலைப் பற்றிப் பேசட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

நெறியாளர்

கட்சித் தலைவர்களின் குடும்பத்தை இழுத்து எழுதிய சில பதில்கள் நீக்கப்பட்டன. கொள்கையைத் திட்டுங்கள், வீட்டுப் பெண்களை அல்ல.

---

கூடலூர்_வாசி (நீலகிரி)

சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. பிள்ளைகளையும் சேர்த்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். தாயகம் திரும்பியோர் என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். என் பாட்டி பிறந்தது நாவலப்பிட்டியில், அவர் திரும்பி வந்த தாயகத்தை அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறை என்று. அதுவும் வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் வீடு யாருடையது என்ற கேள்வி இங்கேயும் வந்தது. தோட்டத்தின் ஒரு பகுதியைத் திரும்பக் காட்டு இலாகாவிடம் ஒப்படைக்கும் நிலை வந்தபோது, அங்கே இருப்பவர்கள் கதி என்ன என்று நாங்களும் கொடி பிடித்தோம். கூலிக்காக வந்த இடத்தில் வீட்டை வேலையோடு கட்டிப் போட்டால் கடலுக்கு இந்தப் பக்கம் வந்தாலும் அதே லயம்தான். அதனால் நான் கொழுந்துக்காரன் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய தலைவர் ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். இங்கே எங்களுக்கு வந்த அன்றே ஓட்டு இருந்தது. அங்கே கடைசி ஆளுக்கும் குடியுரிமை என்று சட்டம் வர 2003 ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தில் இரண்டு தலைமுறை போய்விட்டது.

---

வெலிமடை_தோட்டக்காரர்

நான் முஸ்லிம், வெலிமடையில் மரக்கறி செய்கிறேன். என் அயலவர்கள் சிங்களவர்கள். அவர்கள் இந்தப் பேச்சை எப்படிக் கேட்பார்கள் என்று சொல்கிறேன்.

கண்டி, ஊவாக் கிராமங்களில் காணி இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1840இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத சேனை, காட்டு நிலத்தையெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக் கோப்பித் தோட்டக்காரனுக்கு விற்றான். எங்கள் மலையைப் பிடுங்கி உங்களைக் கொண்டு வந்து இருத்தினார்கள் என்றுதான் கிராமத்தில் கதை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அந்தக் கோபம் லயத்தின் மேல் இறங்கியது. கண்டி, மாத்தளைப் பக்கம் தோட்டங்களில் இருந்து ஆட்களைத் துரத்தினார்கள். அது பஞ்ச காலம் வேறு, தோட்டங்களில் பட்டினிச் சாவு.

காணியை எடுத்தவன் லண்டனில் இருந்தான். அடித்துக்கொள்வது இரண்டு ஏழை. அதனால் மலையகத்துக்கு மட்டும் காணி என்று கேட்டால் டெவன் மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறேன். குத்தகை முடிகிற காணியில் கிராமத்தில் காணியில்லாதவனுக்கும் பங்கு என்று சேர்த்துக் கேட்டால் அரசாங்கத்துக்கு இனம் காட்டி மறுக்க வழி இருக்காது.

---

கொழுந்துக்காரன்

பாய், நீங்கள் சொன்னது இந்த இழையில் நான் எதிர்பார்க்காத பக்கம். ஆனால் ‘எல்லாருக்கும் சேர்த்து’ என்று தொடங்கிய எத்தனை திட்டத்தில் நமக்குக் கடைசி இடம்கூட வரவில்லை? ஒரு உதாரணம். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் ஒரு பாதைக்கோ விளக்குக்கோ சபைக் காசு செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தார்கள். ஓட்டுப் போடுகிறோம், உறுப்பினரை அனுப்புகிறோம், ஆனால் சபையின் கல்லும் தாரும் தோட்ட எல்லையோடு நின்றுவிடும். அதைத் திருத்தியது 2018இல். முப்பது வருடம். 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். வேறு மாவட்டங்களில் அந்த அளவு சனத்துக்கு நாலைந்து செயலகம் இருக்கும். ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு அம்மா ஒரு பேரை இழந்துவிட்டு நிற்க வேண்டும், அங்கே போனால் படிவம் சிங்களத்தில்.

பொதுவில் கேட்கலாம். ஆனால் நம் பங்கு இவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

---

வெலிமடை_தோட்டக்காரர்

அது சரி. எழுத்தில் இருக்கட்டும். இனத்தின் பெயரில் இல்லாமல், அந்தக் காணியில் இத்தனை வருடம் வேலை செய்த குடும்பம் என்ற பெயரில் இருக்கட்டும். அப்படி எழுதினால் உங்களுக்குத்தான் முதல் இடம் வரும்.

---

மலைக்குருவி

வெலிமடை அண்ணன் சொன்ன அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் ‘வேலை செய்தவர்’ என்று எழுதினால் பட்டியலில் பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள்.

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு கேள்வி. தேயிலைக் காணி வேண்டும் என்று எழுதினீர்கள். இப்போதே சில கம்பனிகள் ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, பராமரிப்பு உன் பொறுப்பு, கொழுந்தைக் கிலோவுக்கு எங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்கின்றன. அதைத்தான் சொல்கிறீர்களா? அதில் சேமலாப நிதி இல்லை, காணி உறுதி இல்லை, உரத்துக்கும் மருந்துக்கும் கொழுந்துக் காசில் கழிப்பார்கள். விலை வைக்கிறவர் அவர். செடி பட்டுப்போனால் நட்டம் என் அம்மாவுக்கு. இதைக் காணி உரிமை என்று யாராவது மேடையில் சொன்னால் நான் எழுந்து சத்தம் போடுவேன்.

---

கணக்கப்பிள்ளை_ஓய்வு

அந்த முறையை நான் முழுதாக ஆதரிக்கவில்லை. ஆனால் அதில் நடந்த ஒன்றைப் பார்த்தேன். கையில் செடி வந்ததும் காலையில் 6 மணிக்கே போய்ப் புல் பிடுங்கினார்கள். கணவனும் வந்தான், பள்ளிக்கூடம் விட்டு மகனும் வந்தான். நாள் சம்பளத்துக்குச் செய்யாத வேலையைத் தன் செடிக்குச் செய்தார்கள். கொழுந்து கூடியது. நீங்கள் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை, அவை ஒப்பந்தத்தில் இருக்கிற குறைகள். செடிக்குப் பக்கத்தில் உறுதியையும், கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்கும் விற்கும் சுதந்திரத்தையும் வைத்தால் அதுவே காலி, மாத்தறைச் சிறு தோட்டக்காரன் செய்வதுதான். அவனுக்குக் கொழுந்து விலைக்குச் சூத்திரம் இருக்கிறது, மானியம் இருக்கிறது, சிறுதோட்ட அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. உங்களுக்கும் அதே கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

---

பழைய_தலைவர்

மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான் என்று சந்தோஷமாக எழுதுகிறீர். நாங்கள் அவனை மலையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் பாடுபட்டோம்.

---

கணக்கப்பிள்ளை_ஓய்வு

அதற்கு என்னிடம் பதில் இல்லை, தலைவரே.

---

வன்னிக்காரன்

இளைஞர்களுக்குத் தேயிலையே வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே. மலையில் இருந்து இங்கே வரும் என் மாமா பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், பெண்பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். தேயிலைக் காணி கொடுத்தால் திரும்பி வருவார்களா?

---

மலைக்குருவி

எல்லாரும் வர மாட்டார்கள். நானும் கொழுந்து எடுக்கப் போக மாட்டேன். ஆனால் வங்கியில் கடன் கேட்டால் உறுதி எங்கே என்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால் விலாசம் என்று தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதுகிறேன், கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய் யார் கையிலோ கிடந்து வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வந்த கடிதங்கள் எத்தனையோ பேரிடம் இருக்கின்றன. புயல் முடிந்ததும் வீட்டுக்கு நட்ட ஈடு என்று படிவம் வந்தால், லயக் காம்பராவுக்கு யார் உரிமையாளர் என்று எழுதுவது? காணி என்றால் விவசாயம் மட்டும்தான் என்று ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அம்மாவுக்கு வயதாகி வேலை நின்ற பிறகு, வீட்டில் இருந்து ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும் என்று யாரும் எங்களை மிரட்டக்கூடாது. எனக்கு அது போதும்.

---

பழைய_தலைவர்

இந்தப் பிள்ளை சொன்னதற்கு மறுப்பில்லை. வேலை இருந்தால்தான் காம்பரா என்பதை வைத்துத்தான் துரைமார் எங்களை மடக்கினார்கள். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளே காம்பராவைக் காலி பண்ணு என்று ஆள் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். வீடு நம்முடையதாக இருந்தால் சம்பளத்துக்கு இன்னும் தைரியமாக நிற்கலாம். சரி, இரண்டையும் ஒரே மேசையில் வை, தம்பி. ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம்.

---

கொழுந்துக்காரன்

ஐயா, அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் அடுத்த மாதம் எங்கள் பகுதியில் நடக்கும் கூட்டத்துக்கு இதை எழுதிக் கொண்டு போகிறேன்: வீடும் காணியும் வேலையில் இருந்து பிரிக்கப்பட வேண்டும். உறுதி மனைவி, கணவன் இரண்டு பேர் பெயரிலும். மண்சரிவு அபாயம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த லயங்களுக்கு முதல் இடம். குத்தகை முடிகிற தேயிலைக் காணியில், அங்கே வேலை செய்த குடும்பங்களுக்குச் சிறு தோட்டக்காரருக்கு இருக்கிற அதே உரிமைகளோடு பங்கு. தண்ணீர், பாதை இரண்டும் அதே ஆவணத்தில், வன்னிக்காரன் சொன்ன மாதிரி. கிலோ அளவை மலையின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதும் சம்பளப் பகுதியில் வரும்.

விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.

---

கணக்கப்பிள்ளை_ஓய்வு

2045 வரை காத்திருப்பதாக எழுதிவிடாதீர்கள். கம்பனிகள் அதற்கு முன்னாலேயே நீட்டிப்புக் கேட்காமல் இருக்க மாட்டார்கள், மறுநடுகைக்கு முதல் போட வேண்டுமே என்று காரணமும் சொல்வார்கள். அந்தப் பேச்சு நடக்கிற அறையில் தொழிலாளர் தரப்புக்கு ஒரு கதிரை வேண்டும் என்பதையும் சேருங்கள். பயிரில்லாமல் கிடக்கிற தோட்டக் காணியின் அளவைப் பிரிவு வாரியாகக் கேட்டு வாங்கி, கடிதத்தோடு இணையுங்கள். தோட்ட ஒபிசில் வரைபடம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் தகவல் அறியும் சட்டத்தில் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள்.